தேதி நோட்டா, கருவிக்கொரு ஃபைலா, போனா?

மதுரையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வாரம் டவுன்ஹால் ரோட்டில் கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன். லேப் குறிப்புகளை எதில் எழுதுவது என்ற கேள்விக்கு அன்று என் பதில் அதுதான்: தேதி போட்டு அன்றன்று லேபில் செய்ததை எழுதிவந்தேன். என்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றும் அதைவிட நல்ல சாட்சி இல்லை. பக்க எண் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கருவியை எப்படிக் கையாள்வது என்று தேடினால் அது கைகொடுக்காது. பிஹெச் மீட்டரின் (கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவி) எலக்ட்ரோடை, அதாவது கரைசலில் முக்கும் முனையை, டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிடாமல் 3 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும் என்று எழுதிய ஒரு வரியைப் லேபில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பெண்ணுக்குக் காட்ட அரைமணி நேரம் புரட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கருவிக்கொரு ரிங் ஃபைல் போட்டேன். என் கணக்கில் செய்முறைக்கு இதுதான் முதலிடம். சென்ட்ரிபியூஜ் (குழாயை வேகமாகச் சுழற்றி, கலவையிலுள்ள திடப்பொருளை அடியில் படியவைக்கும் கருவி) தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டில் "10,000 ஆர்பிஎம், 10 நிமிடம்" என்று மட்டும் இருந்தது; ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. அதை நம்பி இன்னொரு லேபில் சுற்றினேன். பெல்லட், அதாவது அடியில் படியவேண்டிய திடப்பொருள், ஒட்டவே இல்லை, மேல்நீரோடு போய்விட்டது. அங்கே குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டாரின் ஆரம் 7 செ.மீ., எங்களுடையது 10. ஒரே வேகம்தான், ஆனால் எங்கள் லேபில் விசை சுமார் 11,180 ஜி (புவியீர்ப்பைப்போல் அத்தனை மடங்கு), அங்கே 7,826 ஜி. ஃபைலில் இப்போது முதல் வரியே ஜி அளவு, அடுத்து ரோட்டார் ஆரம். ஆர்பிஎம் அதற்குப் பிறகுதான். ஒரு தாள் பழசாகிவிட்டால் அதை மட்டும் மாற்றி எழுதிச் செருகிவிடலாம். நோட்டில் அது நடக்காது.

போனில் தேடுவது சுலபம், திரையில் தெரியும் அளவைப் படம் பிடிக்கவும் வசதி. ஆனால் எத்திடியம் புரோமைடு (டிஎன்ஏவுக்குச் சாயமேற்றும் ஆபத்தான வேதிப்பொருள்) தொட்ட கையுறையோடு போனைத் தொடக்கூடாது. கழற்றி எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். போனைப் படங்களுக்கும் ஃபைலின் நகலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டையும் ஃபைலையும் இணைப்பது பக்க எண். உதாரணமாக, ட்ரிஸ் பஃபரின் (பிஹெச் அதிகம் மாறாமல் வைக்க உதவும் கரைசல்) பிஹெச், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.03 இறங்கும், 25 டிகிரியில் 8.0 வைத்தது 35-ல் 7.7 ஆகிவிடும். ஃபைலில் அந்தத் தாளின் ஓரத்தில் "நோட்டு 3, பக்கம் 47" என்று குறித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு மே மாத மதியம், கரண்ட் போய் ஏசி நின்ற லேப், 35 டிகிரி.