டி பட்டனை அழுத்தினால் ஃபேன் நிற்க வேண்டும்: பழைய வீட்டு ரீவயரிங்கில் நடந்த ஏமாற்று வேலை

டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) புத்தம்புது ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் எங்காவது கசிந்தால் உடனே வெட்டும் சாதனம். அதில் ‘டி’ (T, டெஸ்ட்) என்று போட்ட சின்ன பட்டனை அழுத்தினால் டக்கென்று லிவர் கீழே விழுகிறது. ஆனால் ஹாலில் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டியூப் லைட் எரிகிறது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது.

மதுரையில் 1979-ல் கட்டிய தரைத்தள வீடு, இரண்டு படுக்கையறை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஏசி போட வேண்டும், பழைய பீங்கான் கிட்கேட் ஃபியூஸையெல்லாம் தூக்கிவிட்டு முழு வீட்டையும் ரீவயரிங் செய்ய வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்தார்கள். லைட், ஃபேன், பிளக் எல்லாம் சேர்த்து 42 பாயின்ட். பொருளுக்கு 68,000 ரூபாய், கூலி 31,500. பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. வெள்ளை வெளேர் என்று மாடுலர் சுவிட்சுகள், கண்ணாடி மூடி போட்ட டிபி. “டீச்சரம்மா, பைப்புக்குள்ள பூரா புதுசு. இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்ல” என்று சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து படுக்கையறையில் பிளாஸ்டிக் தீயும் வாடை. ஏசி பிளக்கின் ஒரு பின் கருகியிருந்தது. அதன் பிறகுதான் ஒவ்வொரு பாக்ஸாகத் திறந்து பார்த்தார்கள். அங்கே இருந்ததை வரிசையாகச் சொன்னால், இதே வேலையைச் செய்யக் கொடுத்திருப்பவர்கள் தங்கள் வீட்டில் எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் வயர். மெயினை அணைத்துவிட்டு படுக்கையறை சுவிட்ச் பாக்ஸைக் கழற்றி, பைப் வாயிலிருந்து வரும் சிவப்பு வயரை இரண்டு விரலால் மெல்ல இழுத்ததும் அரை அடி வந்தது. கூடவே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சும் வந்தது. டேப்பைப் பிரித்தால் ஒரு பக்கம் செம்பு இழைகள், மறுபக்கம் சாம்பல் பூத்த அலுமினியக் கம்பி. இரண்டையும் முறுக்கிப் பைப்புக்குள் தள்ளியிருக்கிறார். சுவிட்சைக் கழற்றிப் பார்க்கிறவர் கண்ணுக்குப் புது வயர்தான் தெரியும். இப்படிப் பதினேழு பாக்ஸில் இருந்தது. டிபியிலிருந்து ஒவ்வொரு அறையின் முதல் பாக்ஸ் வரைக்கும் மட்டும் புது வயர் இழுத்திருக்கிறார். அதற்கு அப்பால் எல்லாம் 1979-ன் அலுமினியம்.

செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் சட்டென்று ஆக்சைடு படியும், அது மின்சாரத்தை விடாது. சூடேறும்போது இரண்டும் வேறு வேறு அளவில் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் முறுக்கு கொஞ்சம் தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். பைப்புக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது, மூக்குக்குத்தான் முதலில் தெரியும். எந்த ஜாயின்ட்டாக இருந்தாலும் பாக்ஸுக்குள், திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பைப்புக்குள் ஜாயின்ட் போடுகிறவர் அந்த ஒரு காரியத்திலேயே தன் தொழிலைச் சொல்லிவிடுகிறார்.

இப்போது பில்லைப் பார்ப்போம். 1.5 சதுர மி.மீ. வயர் 8 காயில் (சுருள்), 2.5 நான்கு காயில், 4 இரண்டு காயில் (கடையில் வெறும் ‘எம்எம்’ என்பார்கள்). காயிலுக்கு 90 மீட்டர் என்றால் மொத்தம் 1,260 மீட்டர். பாக்ஸுக்குப் பாக்ஸ் டேப் வைத்து அளந்து, உள்ளே போகும் வயர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்ததில் 1.5 இரண்டரைக் காயில் அளவுக்கும், 2.5 ஒன்றரைக் காயில் அளவுக்கும்தான் வீட்டில் இருந்தது. 4 எம்எம் ஒரு அடி கூடக் கிடையாது. மீதிக் காயில்கள் வீட்டுக்கு வந்தனவா, வந்து திரும்பிப் போனதா, அது அவருக்கும் கடைக்காரருக்கும்தான் வெளிச்சம்.

இந்தக் கணக்கையெல்லாம் போடாமலே அன்றைக்கே பிடித்திருக்கலாம். பைப்புக்குள் புது வயர் போனால் பழைய வயர் வெளியே வந்தாக வேண்டும். பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி இழுப்பதுதான் வழக்கம். பழசு வரவில்லை என்றால் ஸ்பிரிங் (வளைந்து கொடுக்கும் கம்பி) விட்டு இழுப்பார்கள், அப்போதும் பழசை முதலில் உருவியாக வேண்டும். முழு வீடு ரீவயரிங் என்றால் ஒரு சாக்குமூட்டைக்கு மேல் பழைய வயர் சேரும். இங்கே சேர்ந்தது ஒரு கைப்பிடி. பேசும்போதே “பழைய வயர், காலி அட்டைப்பெட்டி, மிச்சக் காயில் மூணும் வீட்டிலேயே இருக்கணும்” என்று சொல்லிவிடுங்கள். காயலான் கடைக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

காயில் வந்து இறங்கும்போது செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். முனையில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். எடையும் காட்டிக்கொடுக்கும். 2.5 எம்எம் 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டும் 2 கிலோவை ஒட்டி இருக்கும். மேல் பிவிசியோடு சேர்த்தே 2 கிலோவைத் தொடவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். படுக்கையறை ஏசி, பக்கத்துக் குளியலறை கீசர், அந்த அறை பிளக் எல்லாம் ஒரே லைன். 1.5 டன் ஏசி சுமார் 7.5 ஆம்பியர், 2,000 வாட் கீசர் 8.7, இஸ்திரிப்பெட்டி 4.3. மூன்றும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். முதலில் போட்ட 16 ஆம்பியர் எம்சிபி கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு விழுந்திருக்கிறது, அதாவது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆசிரியை போன் செய்ததும் வந்தவர் அதைக் கழற்றிவிட்டு 32 போட்டுக் கொடுத்துவிட்டார். “இனி விழாதும்மா.” விழாதுதான். 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் விழக்கூடாது என்பதே அதன் தர நிர்ணயம். சுவருக்குள் இருக்கும் 2.5 எம்எம் அலுமினியம் செம்பில் 1.5-க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கதி என்ன ஆகும்? எம்சிபி காப்பது வயரை, ஏசியை அல்ல. வயர் தடிமனை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். லைட் லைன் 1.5 எம்எம்முக்கு 6 அல்லது 10 ஆம்பியர், பிளக் லைன் 2.5-க்கு 16, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 எம்எம், 20 என்பது வீடுகளுக்குப் போதும். ஏசி எம்சிபி ‘சி’ வகையாக இருக்கட்டும், கம்ப்ரஸர் கிளம்பும் ஒரு நொடி இழுப்பை அது பொறுத்துக்கொள்ளும்.

இனி அந்த ஆர்சிசிபி. டிபி மூடியைத் திறந்தால், ஐசொலேட்டரிலிருந்து (மெயின் சுவிட்ச்) ஒரு லூப் வயர் நேராக எம்சிபிகளையெல்லாம் இணைக்கும் பஸ்பார் பட்டைக்குப் போகிறது. நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) அப்படியே, எல்லா நியூட்ரலும் சேரும் லிங்குக்குப் போகிறது. ஆர்சிசிபிக்கு உள்ளே வரும் இரண்டு வயர் மட்டும் உண்டு; வெளியே போகும் முனைகள் காலி. டி பட்டன் சாதனத்துக்கு உள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகச் செயற்கையாகக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. அதனால் வெளியே ஒன்றுமே இணைக்காவிட்டாலும் பட்டனுக்கு லிவர் விழும். லிவர் விழுந்தது என்று திருப்தி அடைய வேண்டாம், வீடு இருட்டாகிறதா என்று பாருங்கள்.

ஏன் இப்படிச் செய்தார்? ஆர்சிசிபி மாட்டிய அன்று அது நிற்கவே இல்லை, விழுந்துகொண்டே இருந்தது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால் அது விழும். பழைய வீடுகளில் இது சகஜம். நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் ஆர்சிசிபியைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருக்கும். இங்கே இரண்டும் இருந்தது. வீடுகளில் போடும் எம்சிபி பெரும்பாலும் பேஸை (மின்சாரம் வரும் வயர்) மட்டும்தான் வெட்டும். எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் அநேகமாக நியூட்ரல்-எர்த் தொடர்புதான். தேடும் முறை சுலபம், பொறுமைதான் வேண்டும்: மெயினை அணைத்து, லிங்கிலிருந்து எல்லா நியூட்ரலையும் கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்தோடு 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைன்தான் குற்றவாளி. அரை நாள் வேலை. அதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் ஒரு லூப் போட்டிருக்கிறார். உயிரைக் காக்க வேண்டிய 30 மில்லிஆம்பியர் சாதனம் டிபியில் பொம்மையாக உட்கார்ந்திருந்தது.

நியூட்ரல் எர்த்தைத் தொட்ட இடம் சமையலறை. மிக்ஸி பிளக்கில் எர்த் பின்னுக்கு வயரே வரவில்லை. நியூட்ரல் முனையிலிருந்து ஒரு அங்குல வயரில் எர்த் முனைக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார். அந்தப் பெட்டியோ பழைய இரும்புப் பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இது எவ்வளவு ஆபத்து என்றால், வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று அந்த பிளக்கில் சொருகிய எதன் இரும்பு உடம்பிலும் 230 வோல்ட் ஏறிவிடும். மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது, ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். மெயினை (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் ஐசொலேட்டரை) அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி ஓம் காட்டக் கூடாது. காட்டினால் இந்த இணைப்பு இருக்கிறது.

“புது எர்த்” என்று பில்லில் 6,500 ரூபாய். தோட்டத்தில் தோண்டிப் பார்த்தால் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் இரண்டடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி. ஐஎஸ் 3043 சொல்லும் பைப் எர்த் குறைந்தது 38 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளம். குழிக்குள் இறக்கும் முன் பைப்பைத் தரையில் படுக்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாலே போதும். பல எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு எரியவைத்து “பாருங்க, எர்த் சூப்பர்” என்பார்கள். அந்த பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த் 50 ஓம் இருந்தாலும் பளிச்சென்று எரியும். ஆனால் கீசர் உடம்பில் பேஸ் பட்டால் 50 ஓம் வழியே 4.6 ஆம்பியர்தான் ஓடும், 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. எர்த் எத்தனை ஓம் என்று எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பல்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ரீவயரிங்கை மறுபடி செய்ததில் பாதிப் பைப்பில் ஸ்பிரிங்கே போகவில்லை. பழைய இரும்புப் பைப் வளைவுகளில் துரு அடைத்திருந்தது. முதல் ஆள் இதை முதல் நாளே கண்டிருப்பார். “சுவரைக் கொத்தணும், இல்லன்னா சுவர் மேலே பிளாஸ்டிக் கேசிங் ஓட்டணும், செலவு கூடும்” என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது நேர்மையான தொழில். இப்போது அந்த அறைகளில் கேசிங் ஓடுகிறது, பார்க்க அவ்வளவு அழகில்லை. ஏசிக்கு டிபியிலிருந்து தனி 4 எம்எம்.

ஆள் பிடிக்கும்போது மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் சங்கடம் வேண்டாம். பாயின்ட் ரேட் மட்டும் பேசாதீர்கள். எந்த லைனுக்கு எத்தனை எம்எம், எந்த எம்சிபி, ஆர்சிசிபி வழியாக எந்தெந்த லைன், எர்த் பைப் எத்தனை அடி என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கூலியில் கால் பங்கைக் கையில் வைத்திருங்கள், மேலே சொன்ன சோதனைகள் முடிந்த பிறகு கொடுக்கலாம்.

இந்த விஷயத்தில் ஆசிரியை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசியிருக்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். குறை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. கையில் இருப்பது கடை பில்லும், பாக்ஸ் பாக்ஸாக எடுத்த போட்டோக்களும், ஜிபேயில் போட்ட 10,000 ரூபாய்க்கான பதிவும். மீதி 21,500 ரொக்கமாகக் கொடுத்தது. அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.