தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது யார்: டீமனா, சிஸ்டம்டியா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நாங்கள் பராமரிக்கும் லினக்ஸ் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) ஒன்று தற்காலிகக் கோப்புகளைப் போட்டது போட்டபடி விட்டுச் சாகும் என்பதால், இரண்டு வழிகளை ஒப்பிட நேர்ந்தது. முதல் வழியில், சிக்டெர்ம் (SIGTERM) என்ற, நிற்கச் சொல்லும் சமிக்ஞை வந்ததும் டீமனே அவற்றை அழிக்கிறது. ஆனால் உடனே கொல்லும் 9ஆம் எண் சிக்கில் (SIGKILL) சமிக்ஞையை எந்த நிரலாலும் பிடிக்க இயலாது என்பதால், நினைவகம் தீர்ந்து கெர்னல் (இயங்குதளத்தின் கரு) டீமனை அப்படிக் கொல்லும்போது, அதாவது துப்புரவு மிகவும் தேவைப்படும் வேளையில், குப்பை அப்படியே தங்கிவிடுகிறது. இரண்டாவது வழியில், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி (systemd) படிக்கும் சேவைக் கோப்பில் ரன்டைம்டைரக்டரி (RuntimeDirectory) வரியைச் சேர்த்தால், டீமனுக்கென ஒரு தற்காலிகக் கோப்புறை உருவாகும்; டீமன் எப்படி இறந்தாலும், சேவை நின்றதும் சிஸ்டம்டி அந்தக் கோப்புறையையே நீக்கிவிடுகிறது. என் தேர்வு இதுவே. அந்தக் கோப்புறை நினைவகத்தில் இருப்பதால் பெரிய கோப்புகளுக்கு மட்டும் ஆகாது. நினைவகக் கசிவோ (எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராமல் விடுவது) வேறு கதை: சேவைக் கோப்பில் இடும் மெமரிமேக்ஸ் (MemoryMax) நினைவக வரம்பு கசியும் டீமனைக் கொல்லுமே தவிர, கசிவை அடைக்காது, அதற்குக் கசிவைக் கண்டறியும் வால்கிரைண்ட் (Valgrind) கருவியை ஓட்டி நிரலையே திருத்த வேண்டும்.