அல்சூரில் இரத்ததானம்: ஊசிக்குப் பிந்தைய மூன்று நாட்கள்

பெங்களூருவின் அல்சூரில் எங்கள் வீட்டிற்கு அருகேயுள்ள இரத்த வங்கியில் கடந்த ஜூலை மாதம், டெங்கு பரவியிருந்த வேளையில், ஒரு சனிக்கிழமை இரத்தம் கொடுத்தேன். இடம் தூய்மையாக இருந்தது, ஊசி வலிக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அதன் பிறகு நடந்ததைப் பற்றி.

நம் நாட்டில் தானமாகப் பெறும் ஒவ்வொரு யூனிட் இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றிற்குச் சோதித்தாக வேண்டும். டெங்கு அந்தப் பட்டியலில் இல்லை. டெங்கு வைரஸோ காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே இரத்தத்தில் கலந்துவிடுகிறது, பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. எனவே கொடையாளரிடம் கேட்கும் கேள்விகளும், அவர் பின்னர் தரும் தகவலுமே பெரிய காவல். அங்கிருந்த ஆலோசகர் அண்மையில் காய்ச்சல், உடல்வலி இருந்ததா, வீட்டில் யாருக்கேனும் டெங்கு வந்ததா என்று தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார். இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால் எந்நேரமானாலும் அழையுங்கள் என்றும் சொன்னார்.

திங்கள் இரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. பதினொரு மணிக்கு அழைத்தபோது உடனே எடுத்தார்கள். என் இரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களையும் பிளாஸ்மா என்னும் நீர்மப் பகுதியையும் அப்போதே தனியே ஒதுக்கிவைத்தார்கள்; மறுநாள் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனையில் டெங்கு உறுதியானதும் அழித்துவிட்டார்கள். ஆனால் அதே இரத்தத்திலிருந்து பிரித்த, ஐந்து நாள் மட்டுமே தாங்கும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) ஞாயிறன்றே ஒரு நோயாளிக்குச் சென்றுவிட்டிருந்தது. யாருக்கு என்று சொல்லவில்லை, அது முறைதான். அவருடைய மருத்துவரிடம் தெரிவித்துவிட்டோம், கண்காணித்து வருகிறார் என்று மட்டும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான்கு நாள் கழித்து அவர்களே அழைத்து, அந்த நோயாளிக்கு இதுவரை காய்ச்சல் இல்லை என்றார்கள். இந்த அழைப்புக்காகவே அவர்களை மனமார வாழ்த்துகிறேன்.

குறை ஒன்றுண்டு. தேநீருடன் தரும் குறிப்புத்தாளில் தண்ணீர் குடிப்பது பற்றியும் சுமை தூக்காதிருப்பது பற்றியும் இருக்கிறதே தவிர, காய்ச்சல் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆலோசகருக்குத் தமிழ் தெரியாதிருந்தால் நான் அழைத்திருப்பேனா என்பது ஐயமே. அமெரிக்காவில் 2002இல், டெங்குவைப் போலவே கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் இரத்தத்தின் வழியே 23 பேருக்குப் பரவியபின், மறு ஆண்டே கொடையாளர் இரத்தத்தில் அந்த வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனையைத் தொடங்கினார்கள். அத்தகைய சோதனைக்குச் செலவு மிகுதி. ஒரு தாளில் கன்னடத்திலும் தமிழிலும் இரண்டு வரி சேர்க்க அவ்வளவு ஆகாது.

டெங்கு வந்தவர் முழுமையாகத் தேறியபின் ஆறு மாதம் இரத்தம் கொடுக்கக் கூடாது. அது முடிந்ததும் அங்கேயே மீண்டும் செல்வேன்.