புள்ளி விழாத கீபோர்டு

நண்பன் ஒருவன் நேற்று ஒரு விளம்பரம் அனுப்பினான். பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு, 9,000 ரூபாய். "நீதான் நாலு வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்றான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

என்னுடையது புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சிக்கியது. சார்ஜர், ரிமோட் குவியலுக்கு அடியில் கிடந்தது. தூக்கும்போதே தெரிந்தது, இரண்டு கிலோவுக்கு மேல். திருப்பினால் 1391401 என்ற மாடல் எண், 1989 தேதி. முகத்தில் எதையும் காட்டாமல் முதலில் பக்கத்தில் கிடந்த மிக்ஸி ஜாரை விலை கேட்டேன். அப்புறம் போகிற போக்கில் இதை. 500 சொன்னார், 250-க்கு முடிந்தது. வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

இப்போதைய கம்ப்யூட்டரில் செருக வாங்கிய சாதாரண யுஎஸ்பி கன்வெர்ட்டர் பின்னுக்கு உயிர் வரவில்லை. உள்ளே சிப் வைத்தது வேண்டும், அது 700. விண்டோஸ் கீ கிடையாது. கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொண்டேன். இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்த வளைந்து, சட்டென்று மடங்கும். எழுத்து விழுவதும் 'டக்' என்ற சத்தமும் அந்த நேரத்தில்தான். ஒருமுறை பழகிய விரல் லேப்டாப் கீயைத் தொடவே கூசும். "டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைக்கப்போறியாடா?" என்பார் அம்மா.

என் எரிச்சல் புள்ளியில் இருக்கிறது. நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை, அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு எஃப் கீதான். இரண்டாம் வருஷம் அந்த ஒரு கீ மட்டும் சோம்பத் தொடங்கியது. வணக்கம் 'வணக்கம' ஆனது. நடுவில் வரும் க்-குக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும், கடைசி ம்-முக்கு நாம்தான் வைக்க வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபில் மாப்பிள்ளையின் தாத்தா 'அவரகள' ஆகிவிட்டார்.

கழற்றலாம் என்றால் நான்கு போல்ட்டும் ஆழமான குழிக்குள். 5.5 மி.மீ. மெல்லிய பாக்ஸ் ஸ்பேனர் தேடி அலைந்தேன். திறந்ததும் கறுப்புப் பொட்டுகள் மேஜையில் கொட்டின. அடித் தகட்டையும் மேல் பிளாஸ்டிக்கையும் நடுவே உள்ள மெம்பிரேனோடு (கீ அழுத்தத்தை உணரும் மெல்லிய தாள்) சேர்த்துப் பிடித்திருப்பது சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் தலை முறிந்துவிடும். எஃப் பக்கம் வரிசையாக ஐந்து போயிருந்தன. முப்பது வயது தாண்டிய பிளாஸ்டிக்கைத் திட்டி என்ன பயன்? திட்டினேன், அது வேறு.

அங்கெல்லாம் துளையிட்டு எம்2 என்ற 2 மி.மீ. பொடித் திருகாணி போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் மூக்குக்கண்ணாடிக் கடையைக் கைகாட்டினார்கள். ட்ரில் பிட், திருகாணி, ஸ்பேனர் என்று சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதோடு விட்டதா? போன வாரம் மறுபடி புள்ளி போனது. மறுபடி திறந்து இன்னும் 12 இடத்தில் முடுக்கினேன். இப்போது நன்றாக விழுகிறது. எத்தனை நாளைக்கோ.

ஆக நண்பா, வாங்காதே. கண்டிப்பாக 9,000-க்கு வேண்டாம். மார்க்கெட்டில் கண்ணில் பட்டால் காதருகே வைத்து ஆட்டிப் பார். கலகலவென்றால் வைத்துவிட்டு நடையைக் கட்டு.

இந்த ஞாயிறு அதே கடைக்காரர் எனக்காகவே இன்னொன்றை எடுத்து வைத்திருந்தார். ஆட்டினேன், கலகலவென்றது. 600 என்றார். பேரம் பேச வாய் வரவில்லை. சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், அம்மா இன்னும் பார்க்கவில்லை.