ரமோன்ஸ் முதல் ஆல்பம்: வலது ஸ்பீக்கர் செத்தபோது கேட்டது

போன மாதம் என் ஆம்ப்ளிஃபையரின் வலது பக்கம் செத்துப்போனது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கரகரத்தது, வால்யூம் குமிழைத் திருகினால் திரும்பி வந்தது, அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அடங்கியே விட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது நியூயார்க் பங்க் ராக் இசைக்குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம். வேறு தட்டாக இருந்திருந்தால் சத்தம் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்திருப்பேன். இதில் கிடாரே மொத்தமாகக் காணாமல் போனது. டிரம்ஸ் இருக்கிறது, பாடகர் ஜோயியின் குரல் இருக்கிறது, அடி ஸ்வரம் வாசிக்கும் பேஸ் இருக்கிறது. கிடார் வாசிக்கும் ஜானி மட்டும் பாட்டின் நடுவில் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

இது நடந்த அதே வாரத்தில் நண்பன் ஒருவன் கேட்டான்: "ரமோன்ஸ் முதல் ஆல்பம் வாங்கப் போறேன்டா, எதை வாங்கலாம்?" அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. 18 வருடமாக இந்த ஆல்பம் என்னிடம் இருக்கிறது. முதலில் சிடி, பிறகு எல்பி. 1976 ஏப்ரலில் சையர் நிறுவனம் வெளியிட்டது, 14 பாட்டு, 29 நிமிடம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதன் ஸ்டீரியோவைப் பற்றி, அதாவது ஒலியை இடது வலது என்று பிரித்துக் கொடுத்த விதத்தைப் பற்றி.

ஜானியின் கிடார் முழுக்க வலது பக்கம். டீ டீயின் பேஸ் முழுக்க இடது பக்கம். நடுவில் டாமியின் டிரம்ஸும் ஜோயியின் குரலும். ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தால் ஜானி இடது ஓரம், டீ டீ வலது ஓரம் என்று செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். ஒலியில் அது நேர்மாறு. ஸ்பீக்கரில் கேட்கும்போது சமாளித்துவிடலாம். அறை இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கலந்து தந்துவிடும். ஹெட்ஃபோனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜானி ஒவ்வொரு கார்டையும் (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மேலிருந்து கீழாகவே அடிப்பவர், கையை மேலே இழுத்து அடிக்கிற பழக்கமே கிடையாது. அந்த இடைவிடாத ரம்பச் சத்தம் 29 நிமிடமும் ஒரே காதில் விழுந்தால் அந்தக் காது களைத்துப்போகிறது. நான் ஏழாவது எட்டாவது பாட்டில் ஹெட்ஃபோனை மாற்றிப் போட்டுக்கொள்வேன். பல வருடம் இப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு முறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு இயர்போனைக் கொடுத்தேன். எனக்கு வலது, அவனுக்கு இடது. முதல் பாட்டு 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' முடிந்ததும் நான் முகமெல்லாம் மலர்ந்து அவனைப் பார்த்தேன். "என்னடா இது, கிடாரே இல்லாத ராக் பேண்டா?" என்றான். அவன் கேட்டது வேறு, நான் கேட்டது வேறு. எனக்குப் பிடித்த ஆல்பத்தை ஒருவனுக்கு அறிமுகப்படுத்த நினைத்து அதன் முதுகெலும்பை உருவிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற்றாமைதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்துக்குள் இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில், 1976 பிப்ரவரியில், ஒரே வாரத்தில் முடித்த வேலை இது. செலவு 6,400 டாலர். தயாரிப்பாளர் கிரெய்க் லியோன். ஆரம்பகால பீட்டில்ஸ் ஸ்டீரியோ தட்டுகளில் வாத்தியங்கள் இப்படித்தான் பக்கம் பிரிந்து நிற்கும், அந்த ஒலிமேல் இவர்களுக்கு ஆசை. அதனால் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, யோசித்துச் செய்ததுதான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. நான்கு பேர் ஒரே ஆளாக மோதுவதுதான் இந்த இசைக்குழுவின் பலம். அவர்களைப் பிரித்து நிறுத்தினால் எப்படி?

சரி, ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். ரிப்பேர்காரர் மூன்று வாரம் கழித்துத்தான் வரச் சொன்னார். அந்த மூன்று வாரமும் இடது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டேன். முதல் இரண்டு நாள் எரிச்சல். மூன்றாவது நாளிலிருந்து வேறு ஒன்று நடந்தது. டீ டீயை முதல் முறையாகக் கேட்டேன். 18 வருடம் கேட்ட ஆல்பத்தில் முதல் முறையாக! ஜானி அடிக்கும் கார்டின் அடி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கிறார். ஆனால் கிடார் இல்லாதபோதும் பாட்டு விழவில்லை. டாமியின் ஹை-ஹேட் (டிரம்ஸோடு இருக்கும் இரட்டைத் தாளம்) டிக் டிக்கென்று தாளச் சுற்றுக்கு எட்டு முறை விழ, ஒவ்வொரு டிக்குக்கும் டீ டீயின் கையில் இருக்கும் மீட்டு வில்லை கம்பியில் உரசுவது தனியாகக் கேட்கிறது. மெட்டு அதுவரை கிடாரில் இருப்பதாக எண்ணியிருந்தேன். அதில் பாதி இங்கே இருந்தது. '53-வது தெருவும் 3-வது அவென்யூவும்' பாட்டில் ஜோயி ஒதுங்கிக்கொள்ள டீ டீயே பாடும் ஒரு இடம் வரும். அது அவர் எழுதிய பாட்டு. தொண்டை கிழியக் கத்துகிறார், அவருடைய பேஸும் கூட வருகிறது. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ரிப்பேரில் கோளாறு என்று எடுத்துக் காட்டியது கட்டைவிரல் நுனி அளவு ரிலே ஒன்று, ஒலியை ஸ்பீக்கருக்கு இணைத்து விடும் தானியங்கி சுவிட்ச். மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தகடுகள் கருத்துப்போயிருந்தன. ரிலேயின் விலை பெரிதில்லை, காத்திருந்ததுதான் பெரிது. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் போட்டதும் ஜானி சுவர் இடிந்து விழுகிற மாதிரி வந்து இறங்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே நிமிடம் டீ டீ மறுபடியும் பின்னால் போய்விட்டார்.

இந்த ஆல்பத்தின் புகழைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெளிவந்தபோது அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் 111-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை. அமெரிக்காவில் 5 லட்சம் விற்றதற்கான தங்கச் சான்றிதழ் 2014-ல்தான் கிடைத்தது, 38 வருடம் கழித்து. ஜோயி 2001-ல் போனார், டீ டீ 2002, ஜானி 2004. அந்தச் செய்தியைக் கேட்க டாமி ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் அவரும் போய்விட்டார். இந்த இசைக்குழுவின் கழுகு முத்திரை போட்ட சட்டையை உலகம் முழுக்கப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லா ராக் பட்டியல்களிலும் இந்த ஆல்பத்துக்கு இடம் இருக்கிறது. கேட்டவர்களை எண்ணினால் சட்டை போட்டவர்களில் கால்வாசிகூடத் தேறாது என்று நினைக்கிறேன்.

நண்பனுக்கு என் பதில் இது. 2016-ல், 40-வது ஆண்டுப் பதிப்பில், லியோனே மோனோவாக, அதாவது இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி வரும்படி, கலந்து கொடுத்திருக்கிறார். அதைத் தேடி வாங்கு. கிடாரும் பேஸும் ஒன்றாகி நெஞ்சில் மோதும், ஹெட்ஃபோனிலும் காது வலிக்காது. என் 18 வருடக் குறைக்கு அதில் முழுத் தீர்வு இருக்கிறது. ஸ்டீரியோவை வாங்காதே. பாட்டுகளுக்கு 5-க்கு 5, அந்த ஸ்டீரியோவுக்கு 2. இதிலிருந்து நான் இறங்கி வரப்போவதில்லை.

மோனோவை நானும் இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டீ டீ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நேற்று ராத்திரி பழைய ஸ்டீரியோ எல்பியையே எடுத்து வைத்து, பேலன்ஸ் குமிழை இடது கோடிக்குத் திருப்பி, தட்டின் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் படுத்தேன்.