புதன்கிழமை ஊசி

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தபோது மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அங்கே தட்டம்மைக்கான ஊசி ஒரு வயதில்தான். இங்கே ஒன்பது மாதம் முடிந்ததுமே தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை போட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு அலையப் போகிறோம், இங்கேயே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

முதலில் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, “ஸ்டாக் இல்ல, திங்கக்கிழமை போன் பண்ணிப் பாருங்க” என்றார்கள். டோக்கன் கொடுக்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“நீ ஏன்டி அங்க போன? புதன்கிழமையானா நம்ம சப் சென்டர்லயே போடுவாங்களே” என்றாள் அம்மா.

புதன் காலை போனால் ஏழெட்டுக் கைக்குழந்தைகள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அன்று வந்த ஐஸ் பெட்டி மேசைமேல் இருந்தது. நர்ஸம்மா உடனே குப்பியைத் திறக்கவில்லை. அது பல குழந்தைகளுக்கான மருந்து, கலந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் வீண். “இன்னும் ரெண்டு பேர் வரணும். வரலேன்னாலும் பாப்பாவுக்காகத் திறப்பேன், கவலைப்படாதீங்க” என்றார்.

கரண்ட் போனால் மருந்து கெடாதா என்று கேட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமான கேள்விதான். அவர் கோபித்துக்கொள்ளாமல் குப்பியில் இருந்த ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். அதற்குள் வெளிறிய சதுரம். சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. இத்தனை ஊசி போட்டுக்கொண்ட எனக்கு இது தெரியாது.

நேரம் இழுத்தது தடுப்பூசி அட்டை விஷயம்தான். இங்கே கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண்ணைக் கேட்டார், வெளிநாட்டில் பிறந்தவளுக்கு ஏது? லண்டனில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். இங்கே பென்டாவேலன்ட் ஐந்து நோய்க்கு, போலியோவுக்குத் தனி. அங்கே ஆறும் ஒரே ஊசியில். அது விளங்கியதும், இடது கையில் பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பையும் தடவிப் பார்த்துவிட்டு, புது அட்டை எழுதினார். வலது கையில் ஊசி, வாயில் வைட்டமின் ஏ சொட்டு. காசு கிடையாது.

“அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்க. இன்னிக்கு ஒண்ணும் செய்யாட்டியும் ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் அடிக்கலாம்” என்றார். எட்டாம் நாள் திருச்சியில் மாமா வீட்டில் அடித்தது. முன்கூட்டியே தெரிந்ததால் பதறவில்லை.

என்னைப் போல வருகிறவர்களுக்கு ஒன்று: ஒரு வயதுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி பிரிட்டனில் கணக்கில் சேராது. திரும்பிப் போனதும் இரண்டு தவணையும் முதலிலிருந்து போட வேண்டும். அப்புறம், புத்தகத்தை செக்-இன் பெட்டியில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.