கையால் எழுதிய ஐபியா, ரவுட்டர் ஒதுக்கும் ஐபியா?

எங்கள் அலுவலகத்தில் 11 கணினிகள். கணக்குக் கோப்புகள் எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன. அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியைக் கண்டுபிடிக்கும் எண்) மாறினால் மற்ற பத்தும் தவிக்கும். மாறாமல் வைக்க இரண்டு வழிகள்: அந்தக் கணினியிலேயே முகவரியைக் கையால் எழுதிவிடலாம்; அல்லது ஐபியைத் தானாக ஒதுக்கும் வேலையை (டிஎச்சிபி) செய்யும் ரவுட்டரில், இந்த மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டோடு வரும் அடையாள எண்) இந்த ஐபிதான் என்று டிஎச்சிபி ரிசர்வேஷன் போடலாம். முதல் வழியில் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, இப்போது இரண்டாவதுக்கு வந்திருக்கிறேன்.

செலவு, வேகம் இரண்டிலும் வித்தியாசமில்லை. பராமரிப்பில்தான் எல்லாம்.

ஜிஎஸ்டி தாக்கலுக்கு முந்தைய நாள், 0x80070035 (நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை) என்ற பிழை வந்தது. கோப்புறை பத்து நிமிடம் திறக்கும், பிறகு திறக்காது. ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட், கேபிள், கணினிகளின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அந்தக் கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதன் முகவரியான 192.168.1.10க்கு பிங் அடித்தேன் (அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது). பதில் வந்தது! பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்தது போல இருந்தது. எந்த ஐபி எந்த மேக்கிடம் இருக்கிறது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் வேறொரு மேக் முகவரி. முதல் நாள் மாட்டிய கைரேகை வருகைப்பதிவு இயந்திரம் அது. கையால் எழுதிய முகவரி ரவுட்டருக்குத் தெரியாது. காலியாக இருப்பதாக நினைத்து அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

டிஎச்சிபி வரம்புக்கு (ரவுட்டர் தானாக ஒதுக்கும் எண்களுக்கு) வெளியே முகவரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரம்பை யார் நினைவில் வைத்திருப்பது? எந்தக் கணினிக்கு எந்த எண் என்று எழுதிய நோட்டு எங்களிடமும் இருந்தது, பாதி தவறாக. ரிசர்வேஷனில் ரவுட்டரின் பட்டியலே நோட்டு. ரவுட்டரை மாற்றி, முகவரி வரிசை 192.168.0 ஆகிவிட்டாலும் கணினிகளின் ஐபியை மாற்றி எழுத ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டாம். ஒரே இடத்தில் மறுபடி பதிந்தால் போதும்.

கையால் எழுதுவதற்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. ரவுட்டர் செத்தாலும் ஸ்விட்ச் வழியே கணினிகள் பேசிக்கொள்ளும். ரிசர்வேஷனை நம்பிய கணினியை அந்த நேரத்தில் அணைத்துப் போட்டால் ஒதுக்க ஆளில்லாமல், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொண்டு முழிக்கும். எங்களுக்கு இதுவரை அப்படி நேரவில்லை. நூறு கணினிகள் உள்ள இடத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே டிஎச்சிபியைத் தனி சர்வரில் வைப்பார்கள், கணக்கே வேறு.

மடிக்கணினிக்கு ரிசர்வேஷன் போடும்போது மட்டும் கவனம்: வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு இன்னொரு மேக். இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.